இரணஜன்னி (டெட்டனஸ்): 2015-க்குப் பிறகு யாருக்கு வருகிறது, யாருக்கு ஊசி விட்டுப்போகிறது?

தரவுத்தேனீ:

"இந்தியாதான் டெட்டனஸை ஒழித்துவிட்டதே, அப்புறம் எதற்கு அடிபட்டதும் ஊசி?" என்று இன்னொரு இழையில் ஒருவர் கேட்டிருந்தார். அங்கே பதில் எழுதினால் பேச்சு திசை மாறும், அதனால் தனி இழை.

2015 மே மாதம் இந்தியா சான்று பெற்றது உண்மைதான். ஆனால் அது தாய்க்கும் பச்சிளங்குழந்தைக்கும் வரும் இரணஜன்னியை ஒழித்ததற்கான சான்று. எந்த மாவட்டத்தை எடுத்தாலும், 1,000 உயிர்ப்பிறப்புக்கு ஒரு குழந்தை என்ற அளவுக்குக் கீழே போயிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆந்திரம் 2003-ல் முதலில் தேறியது, நாகாலாந்து கடைசியாக 2015-ல். இது சின்ன வெற்றி இல்லை. சில பத்தாண்டுகளுக்கு முன் ஆண்டுக்கு 1,50,000 முதல் 2,00,000 பச்சிளங்குழந்தைகளுக்கு இந்த நோய் வந்துகொண்டிருந்த நாடு இது.

இரண்டு மாற்றங்கள் கைகோத்து இதைச் செய்தன. ஒன்று, கர்ப்பிணிகளுக்கு ஊசி. இன்னொன்று, பிரசவம் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நகர்ந்தது. தேசிய குடும்ப நல ஆய்வின் 3-வது சுற்றில் (2005-06) மருத்துவமனைப் பிரசவம் 38.7 சதவீதம். 5-வது சுற்றில் (2019-21) 88.6 சதவீதம். அதே 5-வது சுற்றில், கடைசிப் பிரசவத்தின்போது டெட்டனஸுக்கு எதிரான பாதுகாப்பு இருந்த தாய்மார்கள் 92 சதவீதம்.

ஆனால் பெரியம்மையைப் போல இதை உலகத்திலிருந்தே துடைக்க முடியாது. கிருமியின் வித்துகள் மண்ணில், மாட்டுச் சாணத்தில், குதிரைச் சாணத்தில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். இன்னொன்றும் உண்டு, அதைத்தான் பலர் கவனிப்பதில்லை: இது ஆளுக்கு ஆள் தொற்றாது. ஊரில் 95 பேர் ஊசி போட்டிருந்தாலும் மீதி 5 பேருக்கு அதனால் ஒரு பயனும் கிடையாது. தட்டம்மையில் கிடைக்கிற மந்தைப் பாதுகாப்பு இங்கே இல்லை. அவரவர் ஊசி அவரவருக்குத்தான்.

அவசரப்பிரிவு:

தேனீ சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இப்போது வார்டுக்கு வருகிற இரணஜன்னி நோயாளிகளில் பெரும்பாலானவர்கள் வயது வந்த ஆண்கள். காரணம் எளிது. நாடு தழுவிய தடுப்பூசித் திட்டம் 1978-ல் தொடங்கி, 1985-ல் அனைவருக்குமான திட்டமாக விரிந்தது. அதற்கு முன் பிறந்த ஆண்களில் பலருக்குக் குழந்தைப் பருவத்து 3 ஊசிகளே கிடையாது. அதே வயதுப் பெண்களுக்கு ஒவ்வொரு கர்ப்பத்திலும் ஊசி ஏறியிருக்கிறது. ஆண்களுக்கு அப்படியொரு வாய்ப்பே அமையவில்லை.

எந்தக் காயம் என்பதிலும் தவறான எண்ணம் நிறைய. துருப்பிடித்த ஆணி என்றால் பதறுகிறார்கள். துருவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. காற்றுப் புகாத ஆழம், மண், செத்த சதை, இந்த மூன்றும் சேர்ந்தால் வித்து முளைக்கும். அந்தக் கணக்கில் சீமைக்கருவேல முள் ஆணியைவிட மோசம். தோலில் துளை ஊசிமுனை அளவுதான் இருக்கும், நுனி உள்ளே ஒடிந்து நிற்கும், ரத்தமும் வராது, மேலே இரண்டு நாளில் ஆறிவிட்டது போலத் தெரியும். யாரும் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டார்கள். சர்க்கரை நோயாளியின் காலில் ஆறாத புண், வருஷக்கணக்கில் சீழ் வடியும் காது, இவையும் வாசல்தான். நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குக் காயம் எங்கே என்றே கண்டுபிடிக்க முடியாது.

காயம் பட்டு 3 முதல் 21 நாளுக்குள் அறிகுறி தெரியும், பெரும்பாலும் 8-ஆம் நாள் வாக்கில். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு கடுமை.

ஆலைப்பாதுகாப்பு:

நல்ல இழை. ஒரு நடைமுறைக் கேள்வி. வார்ப்பட ஆலை, செங்கல் சூளை, கட்டட வேலை மாதிரியான இடங்களில் "ஆறு மாசத்துக்கு ஒரு டி.டி." என்று ஒரு வழக்கம் ஊறிப்போயிருக்கிறது. சின்னக் கீறலுக்கும் ஊசி, ஆறு மாதம் கழித்து அடுத்த கீறலுக்கு இன்னொன்று. இன்னொரு பக்கம், வெளிமாநிலத் தொழிலாளர்கள் கையில் எந்தப் பதிவும் இல்லை. இவர்களுக்கு எத்தனை ஊசி, என்ன இடைவெளி?

செவிலி_தஞ்சை:

ஆலைப்பாதுகாப்பு சார், முதலில் ஊசியைப் பற்றி. முன்பு டெட்டனஸ் மட்டும் இருந்தது. 2019 முதல் அரசுத் திட்டத்தில் டெட்டனஸும் தொண்டை அடைப்பானும் சேர்ந்த ஊசி வந்துவிட்டது. பெரியவர்களுக்குத் தொண்டை அடைப்பான் வருவது கூடியதால்தான் இந்த மாற்றம். ஊர் வாயில் இரண்டுமே டி.டி.தான். நான் கீழே டி.டி. என்று எழுதுவதெல்லாம் இந்தச் சேர்ந்த ஊசியைத்தான்.

பதிவே இல்லாத பெரியவர் என்றால் ஊசியே போடாதவராகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் ஊசி இன்று. இரண்டாவது குறைந்தது 4 வாரம் கழித்து. மூன்றாவது, இரண்டாவதிலிருந்து குறைந்தது 6 மாதம் கழித்து. ஒவ்வொன்றும் 0.5 மி.லி., மேல்கையின் தோள்பட்டைத் தசையில், நேராக. இடுப்பில் போட வேண்டாம், அங்கே கொழுப்பில் இறங்கிவிடும். நடுவில் இடைவெளி நீண்டுவிட்டால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒருவர் ஊருக்குப் போய் ஒரு வருஷம் கழித்து வந்தாலும் அவருக்கு இரண்டாவது ஊசி இரண்டாவதுதான்.

இந்த 3 முடிந்தபின் 10 ஆண்டுக்கு ஒன்று போதும். ஆறு மாதத்துக்கு ஒன்று என்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை. அடிக்கடி போட்டால் கை முழுக்க வீங்கி, சிவந்து, இரண்டு மூன்று நாள் தூக்க முடியாமல் போகும். ரத்தத்தில் எதிர்ப்புப்பொருள் ஏற்கெனவே நிறைய இருக்கும்போது மறுபடி ஊசி ஏறினால் அந்த இடத்தில் வருகிற அழற்சி அது. "எனக்கு டி.டி. ஒத்துக்காது" என்று சொல்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பலர் ஓரிரு ஆண்டுக்குள் பல முறை போட்டிருப்பார்கள்.

குழந்தைகளுக்கான அட்டவணையையும் எழுதிவிடுகிறேன். 6, 10, 14 வாரத்தில் பென்டாவேலன்ட் (டெட்டனஸும் சேர்ந்த ஐந்து நோய்த் தடுப்பூசி). 16 முதல் 24 மாதத்துக்குள் முத்தடுப்பு (தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ்) ஊக்க ஊசி, 5 முதல் 6 வயதில் இன்னொன்று. 10 வயதிலும் 16 வயதிலும் டி.டி. இந்த 10, 16 வயது ஊசிகள்தான் அதிகம் தவறுகின்றன. பள்ளியில் முகாம் நடக்கும் நாளில் வராத பிள்ளை, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பிள்ளை, இவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

கிளினிக்வாசல்:

செவிலி அக்கா சொல்வது புத்தகப்படி சரி. ஆனால் நடப்பில், காயத்தோடு வருகிறவரிடம் "கடைசியா எப்ப போட்டீங்க" என்றால் "போன வருஷமோ என்னமோ" என்பார். சீட்டு இருக்காது. அந்த நேரத்தில் ஒரு டி.டி. போட்டு அனுப்புவதுதான் பாதுகாப்பு. அதில் என்ன தப்பு?

அவசரப்பிரிவு:

> ஒரு டி.டி. போட்டு அனுப்புவதுதான் பாதுகாப்பு

போடுவதில் தப்பில்லை. "பாதுகாப்பு" என்கிற இடத்தில்தான் எனக்கு மறுப்பு. இதற்கு முன் ஊசியே போடாத உடம்புக்கு இன்று போடும் முதல் டி.டி. இன்றைய காயத்துக்கு உதவாது. எதிர்ப்புப்பொருள் உருவாக வாரங்கள் ஆகும், முதல் ஊசியில் வருவதும் போதாது. கிருமி சுரக்கும் நச்சு அதற்கு முன்பே நரம்பேறிவிடும். முன்பு 3 ஊசி முடித்தவருக்கு மட்டும்தான் இன்று போடும் ஊசி, உடம்பின் பழைய எதிர்ப்பு நினைவைச் சில நாளில் தட்டி எழுப்பும்.

எனவே கேட்க வேண்டிய முதல் கேள்வி "கடைசியா எப்ப" இல்லை. "வாழ்நாளில் மொத்தம் 3 போட்டிருக்கிறீர்களா?" என்பதுதான். ஆம் என்றால்: சுத்தமான சின்னக் காயம், கடைசி ஊசி 10 ஆண்டுக்குள் எனில் எதுவும் வேண்டாம். மண், சாணம், ஆழமான துளை, நசுங்கல், தீக்காயம் எனில் கடைசி ஊசி 5 ஆண்டுக்குள் இருக்கிறதா பாருங்கள். தாண்டியிருந்தால் ஒரு டி.டி. போதும்.

இல்லை, அல்லது தெரியாது என்றால்: சுத்தமான காயத்துக்கு டி.டி., கூடவே மீதி இரண்டுக்கும் தேதி. அழுக்கான காயத்துக்கு டி.டி.யோடு மனித இம்யூனோகுளோபுலின் 250 ஐ.யு. (சர்வதேச அலகு) தசையில். 24 மணி நேரம் கடந்திருந்தாலோ, காயம் மிக மோசமாக இருந்தாலோ 500. இரண்டையும் ஒரே சிரிஞ்சில் கலக்கக் கூடாது, ஒரே கையில் ஒரே இடத்திலும் கூடாது. இம்யூனோகுளோபுலின் என்பது வேறொருவர் உடம்பு தயாரித்த எதிர்ப்புப்பொருள். உடனே வேலை செய்யும், சில வாரங்களில் கரைந்துவிடும். அதற்குள் சொந்தப் பாதுகாப்பு வரத்தான் டி.டி.

மனித இம்யூனோகுளோபுலின் கிடைக்காத இடத்தில் குதிரைச் சீரம் (குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புப்பொருள்) 1,500 ஐ.யு. போடுவார்கள். அதற்குமுன் சோதனை ஊசி கட்டாயம், கடும் ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலின் பக்கத்தில் எடுத்து வைத்திருக்க வேண்டும்.

ஊசி பாதி வேலைதான். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, கருத்த சதையை வெட்டி, உள்ளே முள்ளோ கல்லோ மரச்சிராயோ இருந்தால் எடுத்துவிட வேண்டும். ஆழமான துளைக்காயத்தைத் தைத்து மூடக் கூடாது. மூடினால் கிருமிக்கு வேண்டிய காற்றில்லா அறையை நாமே கட்டிக் கொடுத்தது மாதிரி. மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு, சாணம் எதையும் அப்பக் கூடாது.

கிளினிக்வாசல்:

ஏற்கிறேன். அப்படியானால் காயத்துக்கு வந்த அன்று போடுவதை முதல் ஊசியாக எழுதி, இரண்டாவது தேதியைச் சீட்டிலேயே குறித்துக் கொடுக்க வேண்டும். தையல் பிரிக்க 7 அல்லது 10-வது நாளில் எப்படியும் வருவார், அன்று மறுபடி நினைவூட்டலாம். இது எந்தச் சின்னக் கிளினிக்கிலும் செய்யக்கூடியது.

குளிர்ப்பெட்டி:

எத்தனை ஊசி என்று பேசுகிறோம். அந்த ஊசி உயிரோடு இருக்கிறதா என்பதையும் பேச வேண்டும். டி.டி., முத்தடுப்பு, பென்டாவேலன்ட் எல்லாவற்றிலும் அலுமினிய உப்பில் ஒட்டிய நச்சுமாற்றுப் புரதம் இருக்கிறது. வெப்பத்தை ஓரளவு தாங்கும். உறைந்தால் போச்சு. உறைந்து உருகியதைப் போட்டால் வலிக்கும், கை வீங்கும், பாதுகாப்பு வராது. குப்பியின் மேலுள்ள, சூடு பட்டால் நிறம் மாறும் வி.வி.எம். சதுரம் சூட்டை மட்டும்தான் காட்டும், உறைந்ததைக் காட்டாது. இதை ஒவ்வொரு பயிற்சியிலும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வைக்க வேண்டிய வெப்பநிலை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். ஐ.எல்.ஆர். எனும் தடுப்பூசிக் குளிர்பெட்டியில் அடிப்பகுதிதான் கடுங்குளிர், எனவே டி.டி. மேல்பக்கக் கூடையில். பெட்டியின் தரையிலோ சுவரை ஒட்டியோ வைக்கக் கூடாது.

அதிகம் உறைவது பெட்டியில் இல்லை, வழியில். டீப் ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே ஊசி எடுத்துப்போகும் கேரியரில் அடுக்கினால், ஒட்டி நிற்கும் குப்பி உறைந்துவிடும். பேக்கை வெளியே மேசையில் பரப்பி வைக்க வேண்டும். மேலே வியர்த்து, காதருகே குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டும். அப்புறம்தான் 4 பேக்கையும் கேரியரின் நான்கு பக்கம் வைத்து, குப்பிகளை ஜிப் பையில் போட்டு நடுவில். காலை அவசரத்தில் இந்தக் காத்திருப்பைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள்.

சந்தேகம் வந்தால் குலுக்கல் சோதனை. அதே கம்பெனி, அதே பேட்ச் குப்பி ஒன்றை வேண்டுமென்றே ஒரு இரவு உறைய வைத்து, மறுநாள் முழுக்க உருக விடுங்கள். அதன்மேல் "உறைந்தது" என்று எழுதுங்கள், தவறிப்போய் யாருக்கும் போட்டுவிடக் கூடாது. சந்தேகக் குப்பியையும் இதையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்து 10 முதல் 15 விநாடி குலுக்கி மேசையில் வைத்துவிட்டுப் பாருங்கள். உறைந்த குப்பியில் துகள் திரிந்து சீக்கிரம் அடியில் படியும், மேலே தெளிந்த நீர் நிற்கும். நல்ல குப்பி பால் கலங்கலாகவே நெடுநேரம் இருக்கும். சந்தேகக் குப்பியும் அதே வேகத்தில் படிந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

திறந்த குப்பி 28 நாள் வரை செல்லும், திறந்த தேதியும் நேரமும் லேபிளில் இருந்தால், வி.வி.எம். சரியாக இருந்தால், உறையாமல் இருந்தால். தேதி எழுதாத திறந்த குப்பி எவ்வளவு மிச்சமிருந்தாலும் வேண்டாம்.

ஐசியு_இரவு:

தடுப்பைப் பற்றிய இழைதான், ஆனால் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிய வேண்டும். நச்சு, தசையைத் தளர்த்தும் நரம்புச் செய்தியை அடைத்துவிடும். அதனால் தசை இறுகிக்கொண்டே போகும். முதலில் தாடை. "வாய் திறக்க முடியலை" என்று பல் டாக்டரிடமோ காது மூக்குத் தொண்டை டாக்டரிடமோதான் பலர் முதலில் போகிறார்கள்.

ரத்தப் பரிசோதனையில் இதைக் கண்டுபிடிக்க முடியாது, கண்ணும் கையும்தான். நாக்கு அழுத்தும் கட்டையால் தொண்டையின் பின்சுவரைத் தொட்டுப் பாருங்கள். சாதாரணமாக ஒருவருக்குக் குமட்டி, கட்டையைத் தள்ளிவிடுவார். இரணஜன்னி என்றால் கட்டையைக் கடித்துப் பிடித்துக்கொள்வார். மும்பையில் 400 நோயாளிகளிடம் செய்து 1995-ல் வெளியான ஆய்வில், நோய் இருந்தவர்களில் 94 சதவீதம் பேரை இந்தச் சோதனை காட்டிக்கொடுத்தது. நோய் இல்லாத ஒருவரையும் தவறாகக் காட்டவில்லை.

சிகிச்சை என்பது வாரக்கணக்கில் காத்திருப்பு. நரம்பில் ஒட்டிய நச்சை எந்த மருந்தாலும் பிரிக்க முடியாது. இம்யூனோகுளோபுலின் ரத்தத்தில் மிதப்பதை மட்டும் பிடிக்கும். கிருமியைக் கொல்ல மெட்ரோனிடசோல், இறுக்கத்தைத் தளர்த்த டயசிபாம், வெளிச்சமும் சத்தமும் குறைந்த அறை, தொண்டையில் துளையிட்டு மூச்சுக்குழாய். மெக்னீசியம் சல்பேட்டை இதில் முறையாகப் பயன்படுத்திக் காட்டியவர்கள் இலங்கை மருத்துவர்கள். முழங்கால் அனிச்சை மறைகிறதா என்று தட்டிப் பார்த்தே அளவைக் கட்டுப்படுத்தலாம், வசதி குறைந்த வார்டுக்கு அது பெரிய உதவி.

ஒன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். நோய் வந்து பிழைத்தவருக்கு எதிர்ப்புச்சக்தி வராது. ஆளைக் கொல்லும் நச்சின் அளவு, உடம்பு அடையாளம் கண்டுகொள்ளும் அளவைவிடக் குறைவு. எனவே வீட்டுக்கு அனுப்பும் முன் டி.டி. தொடங்கி, 3-ஐயும் முடிக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் இந்த வரி விடுபடுவது பெரிய தவறு.

வரப்போரம்:

கர்ப்பிணிகளுக்கு எத்தனை என்பதில் கிராமத்தில் குழப்பம் இருக்கிறது. முதல் பிள்ளைக்கு இரண்டு போட்டாச்சு, இரண்டாவதுக்கும் இரண்டா?

செவிலி_தஞ்சை:

முந்தைய கர்ப்பத்தில் 2 ஊசி போட்டு 3 ஆண்டுக்குள் மறுபடி கர்ப்பம் என்றால் ஒரு ஊக்க ஊசி போதும். இல்லாவிட்டால் இரண்டு: கர்ப்பம் உறுதியானதும் ஒன்று, 4 வாரம் கழித்து இரண்டாவது. அம்மாவிடம் உருவாகும் எதிர்ப்புப்பொருள்தான் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது, அதற்கு நேரம் வேண்டும். பிரசவத்துக்குக் குறைந்தது 2 வாரம் முன்பாவது கடைசி ஊசி ஏறியிருக்க வேண்டும். தாமதமாக வந்தாலும் போடாமல் அனுப்பக் கூடாது, அம்மாவுக்குப் பயன்படும்.

தொப்புள்கொடியில் எதையும் வைக்க வேண்டாம், உலர்ந்து தானாக விழட்டும். சாம்பல், சாணம், எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். முதல் 2 நாள் நன்றாக அழுது பால் குடித்த குழந்தை, 3 முதல் 28 நாளுக்குள் உறிஞ்ச முடியாமல் போய், உடம்பு விறைத்து, தொட்டாலே வெட்டி இழுத்தால் அது இரணஜன்னி என்றே கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். ஒரு குழந்தைக்கு வந்தாலும் அந்த ஊருக்கே விசாரணை போக வேண்டும்: தாய்க்கு எத்தனை ஊசி, பிரசவம் எங்கே, கொடியை எதால் வெட்டினார்கள், பக்கத்தில் ஊசி விட்டுப்போன கர்ப்பிணிகள் யார் யார்.

தரவுத்தேனீ:

வயது வந்த ஆண்களுக்கு வருவோம். 1980-ல் நாட்டில் பதிவான இரணஜன்னி சுமார் 46,000, 2000-ல் சுமார் 9,000. இவை பதிவானவை மட்டும். தனியார் மருத்துவமனையில் இறந்தவரும் வீட்டில் இறந்தவரும் இந்தக் கணக்கில் பெரும்பாலும் வருவதில்லை. அதனால் "குறைந்துவிட்டது" என்பதை நம்பலாம், "இவ்வளவுதான்" என்பதை நம்பக் கூடாது.

பேரிடர் வந்தால் மறைந்திருக்கும் ஓட்டை வெளியே தெரியும். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சேயில் 106 பேருக்கு இரணஜன்னி வந்து 20 பேர் இறந்தார்கள். அங்கும் ஊசி விட்டுப்போன பெரியவர்கள்தான். நம் கடலோரத்துக்கும் அது பொருந்தும்.

வரப்போரம்:

தமிழ்நாட்டில் ஒரு வழி கண்ணெதிரே இருக்கிறது. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளின் வீட்டுக்கே ஆள் போகிறார்கள். 40 தாண்டியவர்கள், காலில் புண் வரக்கூடியவர்கள், இரணஜன்னிக்கு ஆளாகக்கூடியவர்கள், எல்லாம் ஒரே ஆட்கள்தான். தன்னார்வலர் ஊசி போட முடியாது. ஆனால் "மூன்று டி.டி. முடிந்ததா" என்று ஒரு கட்டம் சேர்த்துப் பெயரை எழுதிக் கொடுக்கலாம், துணை சுகாதார நிலையத்தில் தடுப்பூசி நாளில் செவிலியர் போடலாம். நூறு நாள் வேலைத்தளத்திலும் இதே பட்டியலை எடுக்கலாம். மண்வெட்டியும் முள்ளும் அங்கேதான். இதற்குப் புது மருந்தோ புதுக் கட்டடமோ தேவையில்லை.

ஆலைப்பாதுகாப்பு:

ஆலைக்கு நான் எடுத்துக்கொள்வது: வேலைக்குச் சேரும் அன்று முதல் டி.டி., இரண்டாவது சம்பள மாதத்தில் இரண்டாவது, எட்டாவது மாதத்தில் மூன்றாவது. சரிதானா? வெளிமாநிலத் தொழிலாளர் நடுவில் ஊர் திரும்பினால்?

செவிலி_தஞ்சை:

இடைவெளி சரி. நடுவில் போய்விட்டால் அட்டை அவர் கையில் இருக்க வேண்டும், ஆலை அலமாரியில் இல்லை. அட்டையில் பெயர், எத்தனையாவது ஊசி, தேதி, பேட்ச் எண், அடுத்த தேதி. அவர் மொழியிலும் எழுதுங்கள், அட்டையை போனில் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் இருந்தால் முன்பே கேட்டு, மெல்லிய ஊசியில் போட்டு, தேய்க்காமல் 2 நிமிடமாவது அழுத்திப் பிடியுங்கள். முந்தைய டி.டி.க்கு மூச்சுத்திணறலோ முகவீக்கமோ வந்தவருக்கு ஆலையில் போட வேண்டாம், மருத்துவ அலுவலரிடம் அனுப்புங்கள். ஊசிக்குப் பின் எல்லோரும் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகட்டும்.